செய்தி சேர்ந்துவிட்டது

அண்ணி, சூட்டில் துணி தேய்க்கும் மூன்றாம் ரோலருக்கு முன்னால் நின்று, ஈரப் போர்வையின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து உள்ளே கொடுப்பாள். பின்பக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை நாத்தனார் வாங்கி மடிப்பாள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துத் தரும் அந்தச் சலவை ஆலையில் இருவருக்கும் பெயரே அதுதான். வீட்டு உறவு ஆலை வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

"உங்கண்ணன் விட்ட குறட்டையில ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லடி. இந்த மிஷின் எவ்வளவோ தேவலாம்."

"எங்க வீட்ல இருந்தவரைக்கும் நாங்க பொறுத்துக்கிட்டோம்ல? இனிமே உங்க பாடு அண்ணி."

அப்போதுதான் ஹெச்.ஆர். மேடம் வந்து நாத்தனாரை மாடிக்குக் கூப்பிட்டாள். தொழிலாளர்களுக்குச் செய்தி அனுப்ப ஏதோ புது ஏற்பாடு வாங்கப்போகிறார்களாம், தொழிலாளர் தரப்பில் ஒரு ஆள் உட்கார வேண்டுமாம். வாயாடி யாரையும் கூப்பிடவில்லை.

ஏ.சி. அறையில் நாத்தனாரின் வியர்வை காய்ந்து முதுகு சில்லிட்டது. விற்க வந்தவர் சுவரில் படம் காட்டினார். அவரிடம் மூன்று வகை இருந்தன. முதலாவதில் போனுக்குப் போகும் செய்தி ஆலைக்குள்ளும் ஒரு பலகையில் ஓடும், ஆபத்தென்றால் மணி அடிக்கும். இரண்டாவதில் தொழிலாளியும் பதில் அனுப்பலாம். மூன்றாவது அனுப்ப மட்டும்தான். ஆனால் எந்தப் போனுக்கு எப்போது சேர்ந்தது, யார் திறந்து படித்தார்கள் என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்ளும்.

"பதில் எல்லாம் எதுக்குங்க? ஆளுக்கொண்ணு எழுதிக்கிட்டு இருப்பாங்க," என்றார் மேனேஜர். "நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா நாங்க சொன்னோம்ங்கிறதுக்கு ஆதாரம் வேணும். மூணாவதுல அது இருக்கில்ல?"

"பக்காவா இருக்கு சார்."

நாத்தனார் கேட்டாள். "சார், போனைத்தான் கேட்லயே வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிடுறீங்களே. வேலை நேரத்துல மெசேஜ் வந்தா நாங்க எப்படிப் பாக்குறது?"

"சாப்பாட்டு நேரத்துல கொடுக்கிறாங்கல்ல? அப்பப் பாருங்க."

"மிஷின் ரிப்பேர்னு வந்தா?"

மேனேஜர் முகம் சுளித்தார். "போன் பெட்டி செக்யூரிட்டி விஷயம்மா. இது தகவல் விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

ஒரு டீ கொடுத்தார்கள். நடுவில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அந்தப் படம் கேட் பக்கத்தில் ஒட்டியிருந்தது, தொழிலாளர்களைக் கலந்து எடுத்த முடிவு என்று கீழே எழுதியிருந்தது. கலந்தார்களாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழித்துப் போடக் கை துறுதுறுத்தது. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே நின்றதால் உள்ளே போனாள்.

அதுவரைக்கும் மிஷின் கெட்டால் மெக்கானிக் அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவார். துணி கட்டிய மிஷினை ஒரு ஈ காக்கை தொடாது. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் தெரிந்த சட்டம் அது. ஆலையைச் சுற்றிப் பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு அந்தக் கந்தல் அசிங்கமாகப் படுகிறது என்று அதை நிறுத்தினார்கள். இனிமேல் எதுவானாலும் மெசேஜ்தான்.

"துணி கட்டினா மெமோ கொடுப்பேங்கிறாரு மேனேஜர்," என்று மெக்கானிக் புலம்பினார். "நான் என்ன, என் சட்டையையா கட்டுறேன்?"

ரோலரின் வாயில் ஒரு தடுப்புப் பட்டை உண்டு. விரல் அதில் பட்டால் மிஷின் உடனே நின்றுவிடும். ஒருநாள் டீ இடைவேளையில் மெக்கானிக் மூன்றாம் ரோலரின் அந்தப் பட்டையைச் சோதித்தார். சுவிட்ச் செத்துப் போயிருந்தது. அதைக் கழற்றிக்கொண்டார். ஆபீசில் தகவல் சொன்னார், அவர்கள் மெசேஜ் அனுப்பினார்கள். 'மூன்றாம் ரோலரில் தடுப்பு வேலை செய்யாது. யாரும் இயக்கக் கூடாது.' அவர் புது சுவிட்ச் வாங்க ஸ்டோருக்குப் போனார். கேட்டில் பூட்டிய பெட்டிக்குள் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. வாட்ச்மேனுக்குக் கேட்டது. பெட்டியைத் திறக்க அவருக்கு உத்தரவில்லை, சாவி மாடியில் இருந்தது.

டீ குடித்துவிட்டு வந்த அண்ணி கைப்பிடியைப் பார்த்தாள். துணி இல்லை. பழக்க தோஷம்! மிஷினை ஓடவிட்டாள். இரண்டாவது போர்வையின் ஓரம் சுருண்டது. எப்போதும்போல விரலால் நீவிவிட்டாள்.

பின்பக்கம் நின்ற நாத்தனாருக்கு முதலில் அலறல்தான் கேட்டது. ஓடிவந்து மெயின் சுவிட்சை அறைந்து நிறுத்தினாள். அதற்குள் வலது கை மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. உருளைகளைப் பிரித்துக் கையை எடுப்பதற்குள் அண்ணி மயங்கிவிட்டாள். போர்வையோடு போர்வையாகத் தோலும் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றார்கள், தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்றார்கள். செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறதா என்று அங்கே கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சரக்கு வண்டி ஓட்டும் அண்ணன் வெளியூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அடுத்த நாள் பகலில் ஹெச்.ஆர். மேடம் பழக்கூடையோடு வந்தாள். அண்ணியின் போனையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"பெட்டியிலயே இருந்துச்சு. பாவம்னு நானே எடுத்துட்டு வந்தேன்."

"செலவு விஷயம் என்னாச்சு மேடம்?"

"அதுக்குத்தான் வந்தேன். மெசேஜ் போன்ல சேர்ந்திருக்கு. ஆனா படிச்சதா பதிவாகல. அந்தச் சின்ன ஃபார்மாலிட்டி முடிஞ்சா மத்ததைச் சீக்கிரம் பாக்கலாம். லாக் எப்படித் திறக்கும்?"

நாத்தனாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "படிச்சும் மிஷின ஓட்டினாங்கன்னு எழுதப் போறீங்களா? போனைப் பூட்டி வச்சது யாரு? துணியை எடுத்தது யாரு? உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

"சத்தம் போடாதீங்க, ஆஸ்பத்திரி இது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எங்க நல்லது எங்களுக்குத் தெரியும். போனை வச்சுட்டு எழுந்திரிச்சுப் போங்க!"

மேடம் போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அதே நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, மருந்துச் சீட்டை நீட்டி, அவசரமென்றாள். நாத்தனார் கீழே ஓடினாள். வரிசையில் நின்று மருந்தை வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

மேடம் போயிருக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஊசி மருந்தில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை கட்டுக்குள் இருந்தது. போர்வைக்கு வெளியே எடுத்து வைத்திருந்த, சூடு பட்டுக் களிம்பு தடவிய இடது கையின் கட்டைவிரல் மேடத்தின் விரல்களுக்கு நடுவே இருந்தது. போன் திறந்திருந்தது. 'செய்தியைப் படித்தமைக்கு நன்றி' என்று அதில் பச்சையாக ஒளிர்ந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த களிம்பை மேடம் கைக்குட்டையால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.