ஐம்பத்தேழாம் அதிகாரம்

உலகம் தோன்றும் முன்பே அந்த நூல் இருந்தது. உலகம் அழிந்த பின்னும் இருக்கும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மட்டும் அதைக் காணவில்லை.

மரப்பெட்டியைத் திறந்த வாசிப்புக்காரர் திறந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஏடுகள் இருந்த இடத்தில் மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே ஒரே ஒரு ஏடு தப்பியிருந்தது. அதன்மேலும் வளைந்து வளைந்து மண் கோடுகள்.

வாரா வாரம் ஊர் கூடி அந்த நூலைக் கேட்கும் மன்றத்தின் வழக்கம் கடுமையானது. பெட்டியைத் திறக்கவும் நூலைப் பார்க்கவும் வாசிப்புக்காரர் ஒருவருக்குத்தான் உரிமை. கூட்டத்துக்கும் அவருக்கும் நடுவே வெள்ளைத் திரை தொங்கும். திரைக்குப் பின்னால் அவர் மூடிய பெட்டிமேல் கைவைத்து, தனக்கு முன் வாசித்த மாமனார் வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்த முதல் ஏழு அதிகாரங்களை மாற்றி மாற்றி ஓதுவார். பதினோரு வருஷக் குடித்தனம் அந்த ஏழு அதிகாரத்தில்தான் ஓடியது.

வினை தலைவர் உருவத்தில் வந்தது. "நூற்றாண்டு விழாவும் அதுவுமா திரும்பத் திரும்ப அதே ஏழுதானா? இந்த வாரம் அம்பத்தேழாம் அதிகாரம் வாசிங்க" என்று முந்தாநாள் சொல்லிவிட்டார். ஏன் ஐம்பத்தேழு? தலைவருக்கு வயது ஐம்பத்தேழு. போகிற போக்கில் ஒரு வார்த்தை சேர்த்தார்: "முடியலன்னா கூச்சப்படாம சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கறோம்." வேறு ஆள் வந்தால் மன்றத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளும் அவருக்குப் போகும். மனைவியையும் இரண்டு பெண்களையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? பெட்டியைத் திறந்தால் ஏதாவது வழி பிறக்கும் என்ற நப்பாசையில் திறந்தார். கரையான் பிறந்திருந்தது.

"மச்சான்! கொஞ்சம் இங்க வாங்களேன். சத்தம் போடாம."

மனைவியின் அண்ணன் மன்றத்தின் தோட்டக்காரர். மரமே எனக்கு வேதம் என்று வேலை நேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர். கையில் மண்வெட்டியோடு ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"கரையான் மாப்ள."

"அது எனக்கும் தெரியுது. எப்படி ஏறுச்சு?"

"போன மழைக்கே சுவத்துல கோடு பாத்தேனே. என்ன பொறுமை, என்ன பொறுமை! ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். மனசு அப்படியே தெளிஞ்சுபோச்சு."

"தட்டி விடலையா?"

"இயற்கை பேசும்போது குறுக்க பேசக் கூடாது மாப்ள."

"என் சோத்துல மண்ணைப் போட்டுட்டுத் தெளிவாம் தெளிவு! இன்னும் அரை மணியில கூட்டம் வந்துடும். நான் என்னத்த வாசிக்க?"

"ஜன்னல் வழியா பாருங்க. கண்ணுல படறதச் சொல்லுங்க. அதுவும் வேதம்தான்."

"மாட்டிக்கிட்டா?"

"அப்ப ஊரே சேந்து அடிக்கும். நான் அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

கூட்டம் வந்தது. நாற்காலிகள் இழுபட்டன. திரையின் கிழிசலில் வாசிப்புக்காரருக்கு முதல் வரிசை தெரிந்தது. அங்கே ஓய்வுபெற்ற டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். வாரா வாரம் கண்ணை மூடி, வாசிப்பவரோடு கூடவே வாயசைப்பவர். ஒரு சொல் பிசகினாலும் அந்த உதடு காட்டிக்கொடுத்துவிடும்.

தலைவர் இருமினார். வாசிப்புக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"இலை விழுகிறது" என்று தொடங்கினார். "விழுந்த இலை கிளையை நோகாது." டீச்சரம்மாவின் உதடு நின்றது. வாசிப்புக்காரருக்கு உயிரே நின்றது. "மதில்மேல் ஒரு பூனை நிற்கிறது. இந்தப் பக்கமும் அதற்கு வீடில்லை. அந்தப் பக்கமும் வீடில்லை." இதைச் சொல்லும்போது அந்த இரண்டு அறையும் கண்ணில் வந்து நின்றன. யாரோ விசும்பினார்கள். தோட்டத்தில் மச்சான் முதுகை ஒரு மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். "அரிப்பெடுத்தவன் மரத்தை அண்டுகிறான். மரம் அவன் யாரென்று கேட்பதில்லை."

டீச்சரம்மாவின் உதடு மறுபடி அசையத் தொடங்கியது. வாசிப்புக்காரர் வாயிலிருந்து வருவதற்கு அரைச் சொல் முன்னாலேயே அசைந்தது. பிறகு பக்கத்து அம்மாவிடம் டீச்சரம்மா சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது: "இந்த மரத்து வரியத்தான் என் மருமகளுக்கு இருபது வருஷமா சொல்றேன். காதுல ஏறினாத்தானே?"

பிழைத்தோம் என்று அவர் மூச்சு விடுவதற்குள் திரை விலகியது. தலைவர் நின்றார். கூடவே, விழாவுக்கென்று வரவழைத்திருந்த கல்தச்சர், உளியும் கையுமாக.

"வழக்கம் கிடக்கட்டும். இந்த அதிகாரத்த வாசல்ல கல்லுல பொறிக்கணும். ஏட்டைக் காட்டுங்க."

மேலே கிடந்த ஒற்றை ஏட்டைத் தலைவர் பெட்டிக்குள் குனிந்துகூடப் பார்க்காமல் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாசிப்புக்காரர் மனசுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

"அடடா!" என்றார் தலைவர். "என்ன வளைவு, என்ன நெளிவு! அப்படியே படிக்கும்போது புல்லரிக்குது."

"ஐயா, இங்கெல்லாம் மண்ணு மாதிரி இருக்கே?" என்றார் கல்தச்சர்.

"மை அது. அந்தக் காலத்துல மண்ணுலதான் மை செய்வாங்க. உனக்கென்ன தெரியும்? ஒரு புள்ளி விடாம இறக்கு."

தலைவர் கூட்டத்தின் வணக்கங்களை வாங்கிக்கொள்ளப் போய்விட்டார். கல்தச்சர் ஏட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, வாசிப்புக்காரரிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்கய்யா. எழுத்து எங்க ஆரம்பிக்குது?"

வாசிப்புக்காரர் ஓரிடத்தில் விரலை வைத்தார். அது எழுத்தா, கரையான் கோடா என்று அவருக்குத் தெரியாது. பழைய எழுத்து அவருக்குப் படிக்க வராது.