எங்கள் எஜமான் சட்டத்தை வென்ற கதை

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டாம் வருஷத்துக் குளிர்காலம் முழுக்க நான் நீல நாடாவில் பூத் தைத்தேன். தென் கரோலினாவின் பக்கம் நிற்கிற ஆண்கள் அதைத் தொப்பியில் குத்திக்கொண்டு சார்ல்ஸ்டன் தெருக்களில் நெஞ்சு நிமிர்த்தி நடந்தார்கள். வாஷிங்டனில் இருக்கிற அரசாங்கம் போட்ட இறக்குமதி வரிச் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று சபை கூட்டி அறிவித்திருந்தார்கள். எங்கள் லெக்ரேல் எஜமான் அதில் கையெழுத்துப் போட்டவர்.

சாப்பாட்டு மேசையில் அவர் பேசினால் கல்லும் கரையும். "வாஷிங்டன்காரன் நம்மள அடிமையாக்கப் பாக்கறான். நம்மளக் கேக்காம நம்ம தலையில கை வைக்க அவன் யாரு?" என்பார். அவருக்குப் பின்னால் சோற்றுத் தட்டோடு நின்றவள் நான், அவர் விலைக்கு வாங்கியவள். சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

ஆனாலும் அவர் ஜெயிக்க வேண்டும் என்று எல்லோரையும்விட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன். என் புருஷன் மிங்கோ எஜமானின் படகோட்டி. எஜமானின் பருத்திக்கு விலை விழுந்ததால் அவனைத் தூரத்து அலபாமாவுக்கு விற்கப் போவதாகப் பேச்சு. "இந்த வரி ஒழிஞ்சா நான் யாரையும் விக்க வேண்டியதில்ல" என்று எஜமான் தன் மனைவியிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அதை நம்பித்தான் ஊசியில் நூல் கோத்தேன்.

மிங்கோவுக்கு என்னைப் பார்த்தால் கேலி. "என்னடி பிபா, எசமான விட நீ வீராப்பா நிக்கற. உனக்கும் ஒரு துப்பாக்கி வாங்கித் தரவா?"

"சும்மா இருய்யா. அவங்க ஜெயிச்சா நீ இங்கயே இருப்ப."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். ஆடு போய் அதுக்குக் கண்ணத் தொடச்சு விட்டுச்சாம்."

மார்ச்சில் வாஷிங்டன் இறங்கி வந்தது. வரியைப் படிப்படியாகக் குறைப்பதாகச் சொன்னார்கள். எஜமான் வீட்டில் நடன விருந்து. நான் அடுப்படியில் சமையல்காரியைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன்.

மறுநாள் எஜமான் நல்ல முகத்தோடு இருந்தார். கேட்டுவிட்டேன்.

"எசமான், அப்போ மிங்கோ இங்கயே இருப்பான்ல?"

"இனி பருத்திக்கு நல்ல காலம் பிபா. நான் மேற்கால புது நெலம் வாங்கறேன். மிங்கோவ வித்தாத்தானே அதுக்குக் காசு? கவலப்படாத, நல்ல எடமாப் பாத்துத்தான் குடுத்திருக்கேன்."

தோற்றிருந்தால் நஷ்டத்துக்கு விற்றிருப்பார். ஜெயித்ததால் லாபத்துக்கு விற்கிறார். இதுகூடத் தெரியாத என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் என்றிருந்தது. ஒரு தேசம் போட்ட சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல அவருக்கு ஒரு சபை இருந்தது. அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைச் செல்லாது என்று சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்? "சரிங்க எசமான்" என்றேன்.

மிங்கோவைக் கொண்டுபோகிற கப்பல் கரையிலிருந்து தள்ளி நின்றது. எஜமான் தன் சொந்தப் படகையே எடுக்கச் சொன்னார். மிங்கோதான் துடுப்புப் போட்டான். கரையில் நின்ற என்னைப் பார்த்து ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தான், பிறகு குனிந்து துடுப்பை வலித்தான்.

திரும்பும்போது படகை வேறொருவன் ஓட்டிவந்தான். எஜமான் இறங்குவதற்குக் கையை நீட்டினார். பிடித்து இறக்கிவிட்டேன்.