நெனிட்டா தப்பாகப் படித்த சீட்டு

1

இந்தக் கதை எனக்குப் பாவசங்கீர்த்தன வரிசையில் கிடைத்தது. மணிலாவில், கியாப்போ கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. முன்னால் நின்ற பெண்மணி திரும்பி, மணி கேட்பதுபோலக் கேட்டார்:

"சீட்டுப் பார்த்துக் குறி சொல்றது பாவம்னு எனக்குத் தெரியும். தப்பாச் சொல்லிட்டா அது ரெண்டு பாவமா, இல்ல ஒண்ணுதானா?"

நான் சாமியார் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் என் பாவங்கள் எல்லாம் எனக்கு மறந்துபோயின. வரிசை நீளம். முறை வருவதற்குள் அவர் முழுவதும் சொல்லி முடித்தார். எழுதலாமா என்று கேட்டேன். "பேரை மாத்திக்கோங்க" என்றார். நெனிட்டா என்று மாற்றிவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நெனிட்டாவின் விரல்களில் விதி நடுங்கியது." [அடித்துவிட்டேன். நடுங்கியது விதி இல்லை. ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாகச் சீட்டுக் கலைத்ததில் பாதிக் கட்டு தரையில் கொட்டியது, அவ்வளவுதான்.]

பிறகு: "அவருடைய மகன் டிண்டோ கப்பலில் போய் மூன்று வருடம்..." [உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பில் உங்களை அழக் கூப்பிடுவது மரியாதை ஆகாது.]

சரி, நடந்தது இதுதான். கோயில் எதிரே, குடைகளின் கீழே குறிசொல்கிறவர்கள் மேசை போட்டிருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் நெனிட்டா பல வருடங்களாக மெழுகுவத்தி விற்றார். டிண்டோ ஒருநாள் தொலைபேசியில் கோபித்துக்கொண்டான். யார் சொன்ன வார்த்தை அதிகம் என்று இப்போது நெனிட்டாவுக்கே நினைவில்லை. அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அவன் பேசுவானா என்று குடைக்குக் குடை போய்க் கேட்டார். ஆளுக்கொரு பதில் வந்தது. நாமே படித்துத் தெரிந்துகொள்வோம் என்று அவர்கள் குறி பார்க்கும் டாரட் படச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கினார்.

சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தவள் பக்கத்து மேசை ஜோவலின். இருபத்தேழு வயது. பொறுமை கம்மி.

"மொத்தம் எழுபத்தெட்டு, அலிங் நெனிட்டா." [அலிங் என்பது வயதில் மூத்த பெண்ணை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.]

"எழுபத்தெட்டா! ஜெபமாலையிலகூட அம்பத்தொன்பது மணிதான்."

"அதுல எல்லா மணிக்கும் ஒரே மூஞ்சி. இதுல ஆளுக்கொரு மூஞ்சி. பழகிக்கோங்க."

சாவுச் சீட்டு வந்தபோது நெனிட்டா சிலுவை போட்டுக்கொண்டு அதை மெழுகுவத்திப் பெட்டிக்கு அடியில் தள்ளினார்.

"எடுங்க அதை. ஒளிச்சு வச்சா சாவு வராதா? அதுக்கு அர்த்தம் மாற்றம், அவ்வளவுதான்."

"அப்ப மாற்றம்னு எழுத வேண்டியதுதானே? எலும்புக்கூடு எதுக்கு?"

தனக்குத்தானே பார்க்கக் கூடாது என்பது ஜோவலின் போட்ட முதல் சட்டம். நெனிட்டா அதை தினமும் காலையில் மீறினார். டிண்டோ பேசுவானா? ஒருநாள் சூரியன் வந்தது, மறுநாள் இடிந்து விழும் கோபுரம். "சீட்டுக்கே என் பிள்ளையைப் பத்தி ஒரு முடிவு இல்ல" என்றார் என்னிடம்.

3

[இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். காரணம் ஒரே ஒரு சொல்.]

அன்று மதியம் ஜோவலின் சாப்பிடப் போயிருந்தாள். நீலப் பையோடு ஓர் இளைஞன் வந்து, மேசையில் சீட்டோடு இருந்த நெனிட்டாவின் எதிரே உட்கார்ந்துவிட்டான். அவருடைய முதல் ஆள். [பெயர் அவர் கேட்கவில்லை. ரொடெலியோ என்று நான் வைத்தேன்.] ஞாயிறு காலை கப்பல் ஏற வேண்டும், அப்புறம் பதினோரு மாதம் கடல் என்றான். பிறகு கேட்டான்:

"ஸியாவுக்கு இன்னும் என் மேல கோவம் இருக்குமா?"

இதுதான் அந்தச் சொல். இங்கே ஸியா என்றால் அவன், அவள், அவர் எல்லாம்தான். நம் மொழியில் "கோவமா இருக்காளா" என்றால் காதலி, "இருக்காங்களா" என்றால் பெரியவர்கள் என்று வால் காட்டிக்கொடுத்துவிடும். அவர்கள் மொழியில் அந்த வால் கிடையாது. ஆகவே அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டேன்.

நெனிட்டா எதிரே இருந்த வயதைப் பார்த்தார். காதலிதான் என்று முடிவுகட்டிவிட்டார். அவன் இரண்டு சீட்டு எடுத்தான். கடலோரத்தில் மூடிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ராணி. அடுத்தது, எட்டுக் கோப்பைகளை விட்டுவிட்டு ஒருவன் நடந்துபோகும் படம்.

"ஸியாவோட மனசு மூடிடுச்சு. இதோ விட்டுட்டுப் போறான் பாரு, அது நீ. போயிடு ராசா. திரும்பிப் போய் நிக்காத. உனக்கு வேற கிடைக்காமலா போகும்?"

"வேறயா? வேற எங்க கிடைக்கும்?"

"உன் கப்பல் போற ஊருல எல்லாம் கிடைக்கும்."

அவன் சீட்டைத் தள்ளி வைத்தான். பிறகு பையிலிருந்து ஒரு புட்டி எடுத்து மேசையில் வைத்தான். "அப்ப இது எனக்கு எதுக்கு? நீங்க வச்சுக்கோங்க, நானாய்." எழுந்து போய்விட்டான்.

[நானாய் என்றால் அம்மா. வயதான யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சுருக்கி ஒரு வடிவமும் உண்டு. தமிழில் எழுதினால் குரைக்கும்.]

புட்டியில் இருந்தது மூட்டுவலி எண்ணெய். எந்தப் பையனும் காதலிக்கு மூட்டுவலி எண்ணெய் வாங்குவதில்லை.

4

நெனிட்டா ஓடினார். எதிரே வந்த ஜோவலின், "முட்டி வலிக்குதுன்னு பூசையில முழந்தாள் போட மாட்டீங்க, இப்ப ஓடுறீங்களா?" என்றாள். விஷயம் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. தன் மேசையில் காத்திருந்த ஆளை விட்டுவிட்டுக் கத்தினாள்: "நீலப் பை! நீலப் பை போட்ட பையனை நிறுத்துங்க!" பூ விற்கிறவர்களும் மெழுகுவத்திக்காரிகளும் அந்தச் சத்தத்தை வாய்க்கு வாய் வாங்கி ரோடு வரை கொண்டுபோனார்கள்.

[இதை நான் சந்தேகப்பட்டேன். வந்த ஆளை விட்டுவிட்டா? நெனிட்டா அடித்துச் சொன்னார். இந்தக் கதையில் நான் எழுதி மகிழ்ந்த வரி அதுதான், அதில் என் பங்கு எதுவும் இல்லை.]

அவன் ஜீப்னி என்ற பங்கு வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்றிருந்தான். ஒரு வண்டி துறைமுகத்துக்குப் போகும். இன்னொன்று குபாவ் பேருந்து நிலையத்துக்கு, அவன் ஊருக்கு இரவுப் பேருந்து அங்கிருந்துதான்.

"தப்பாப் படிச்சுட்டேன் ராசா. நீ அம்மாவைக் கேட்டிருக்க, நான் காதலின்னு நினைச்சேன்."

"காதலியா? இந்த மூஞ்சிக்கா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, இப்ப ஒழுங்காப் படிங்க."

"சீட்டை மேசையிலயே விட்டுட்டு வந்துட்டேன். எனக்கு இதுவரைக்கும் நாப்பது சீட்டுதான் தெரியும். ஆனா என் பிள்ளை வந்து நின்னா, சாப்பிட்டியான்னுதான் முதல்ல கேப்பேன். கோவமெல்லாம் அதுக்கப்புறம். அதுவும் சோறு ஆறுற வரைக்கும் நிக்காது."

"உங்க பிள்ளை வந்தானா?"

"இல்ல."

புட்டியை அவன் கையில் வைத்துவிட்டு நெனிட்டா திரும்பி நடந்தார். எந்த வண்டியில் ஏறினான் என்று பார்க்கவில்லை. "நான் பார்த்துட்டே நின்னா என் ஆசை அவனைப் பிடிச்சுத் தள்ளும். அவனே போகணும்" என்றார். அதற்குள் பாவசங்கீர்த்தன வரிசையில் அவர் முறை வந்தது. உள்ளே போனார்.

5

ஒரு முடிவு எழுதினேன்: தாய் கதவைத் திறந்து, முதுகில் ஒரு அடி போட்டு, மீன் குழம்பு ஊற்றுகிறாள். எழுதிவிட்டு அழுதேன். பிறகு கிழித்தேன், எனக்கு வேண்டியதை அவன் தலையில் கட்டியிருந்தேன்.

இன்னொன்று: அவன் கடலுக்குப் போகிறான். அதையும் கிழித்தேன். அதை எழுத எனக்கு என்ன உரிமை? ஆண்டவரே யாரையும் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றுவதில்லை.

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். என் கடைசி வாக்கியத்தில் அதை மட்டும் எழுதாமல் உங்களிடம் தருகிறேன். அவசரம் இல்லை, வண்டிகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் அதைப் போடுகிற கை, நெடுநாளாகக் கோபத்தோடு காத்திருக்கும் யாருடைய கதவையாவது ஒருமுறை தட்டிவிட்டு வரட்டும்.

ரொடெலியோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக