பழைய போன்

நாலு நாள் காய்ச்சல். தொண்டை கட்டி, ஐந்தாம் நாள்தான் குரல் திரும்பியது. எட்டாம் வகுப்புக் கணக்கை வீடியோவில் நேரலையாக எடுக்கிறவளுக்குக் குரல் போனால் பிழைப்பே போன மாதிரி. என் பிள்ளைகள் பாடமில்லாமல் தவித்துக்கொண்டிருப்பார்கள் என்று நானாக நினைத்து உருகினேன். டியூஷன் சென்டர் பொறுப்பாளரோ, "அவசரமே இல்ல மேடம், நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று தேனாகப் பேசினார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கெங்கே அந்தப் புத்தி!

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே தயார். லேப்டாப்புக்கு அடியில் இரண்டு அகராதி, முகத்தில் வெளிச்சம் விழ மேஜை விளக்கு, பின்னால் காயப்போட்ட துண்டுகளை மறைக்க ஒரு திரைச்சீலை. பக்கத்தில் என் பழைய போன். நான் எழுதுவது பிள்ளைகளுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க, மாணவர்களுக்கான லிங்க்கில் அதையும் உள்ளே விட்டு வைப்பேன். அதற்குப் பெயரும் 'பழைய போன்' என்றே கொடுத்திருந்தேன்.

ஒன்பது மணி. வகுப்பு எடுப்பதற்கான பாஸ்வேர்டு தப்பு என்றது லேப்டாப். மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் அதே பாட்டு. போன் மட்டும் உள்ளே போய்விட்டது. உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

எடுத்துக்கொண்டிருந்தது நான்.

என் பச்சைச் சேலை, போன வருஷத்து மூக்குக்கண்ணாடி. "கவனிங்க பிள்ளைங்களா" என்கிறேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காபி கொண்டுவந்த வீட்டுக்காரர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னடி, நீ இங்க உக்காந்திருக்க, அங்க யாரு கத்துறா?"

"கொஞ்சம் சும்மா இருங்க!"

இன்னொரு போனை எடுத்துப் பொறுப்பாளரைப் பிடித்தேன். "என்ன சார் அக்கிரமம் இது? போன வருஷ ரெக்கார்டிங்க ஓட்டிட்டு லைவ்னு சொல்றீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க படுத்துட்டீங்க, வேற வழியில்ல. ஆனா பாருங்க, நாலு நாளா ஒருத்தர்கூட கண்டுபிடிக்கல. அதான், இனிமே இப்படியே ஓட்டிடலாம்னு..."

"அப்ப நான்?"

"உங்களுக்கும் ரெஸ்ட்தானே மேடம்."

அவ்வளவுதான், வேலை போய்விட்டது. போனை வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூடவா தெரியவில்லை? அதெப்படி?

போனில் இருந்த நான், "மைனஸை மைனஸால பெருக்குனா பிளஸ். புரியுதா?" என்று கேட்டு, ஒரு மூச்சு விட்டு, "வெரி குட்!" என்று அடுத்த கணக்குக்குத் தாவினேன். தூக்கிவாரிப் போட்டது. நேரலையிலும் நான் இப்படித்தான். கேட்பேன், பதிலுக்கு நின்றதே இல்லை. பிள்ளைகள் எழுதுகிற சாட் பெட்டி கண்ணை உறுத்துகிறதென்று முதல் நாளே மூடி வைத்தவள் நான். இன்று விரல் தவறிப் பட்டு அது போனில் திறந்துகொண்டது.

"புரியல மேடம். ஏன் பிளஸ்?" பூனைக்குட்டி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பெண் எழுதியிருந்தாள். கீழே வரிசையாக, "எனக்கும்", "எனக்கும்".

மைக்கை அடைத்து வைத்திருந்தார்கள். எழுதத்தான் முடிந்தது.

"தொட்டியிலேர்ந்து தண்ணி வெளிய போகுது, அது ஒரு மைனஸ். அத வீடியோ எடுத்துப் பின்னோக்கி ஓட்டு, அது இன்னொரு மைனஸ். இப்ப தொட்டியில தண்ணி ஏறுதா, இறங்குதா?"

காத்திருந்தேன். அடேயப்பா, காத்திருப்பது இவ்வளவு கஷ்டமா!

"ஐயோ, ஏறுது! அதான் பிளஸ்ஸா!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'நான்தான் உங்க மேடம்' என்று அடித்தேன். அனுப்புவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தேங்க்ஸ் பழைய போன். போன வாரம் பூரா இதத்தான் கேட்டேன். எங்க மேடம் நாங்க எழுதுறதப் பாக்கவே மாட்டாங்க. பேசாம நீங்களே கிளாஸ் எடுங்களேன்."

போன வாரம் ரெக்கார்டிங் ஓடவில்லை. போன வாரம் உயிரோடு உட்கார்ந்து எடுத்தது நான்தான்.

அடித்து வைத்திருந்த மூன்று சொல்லையும் அழித்தேன்.