இரண்டாம் பத்திரத்தில் யார் பேர்

1

இந்தக் கதை ஒரு வீட்டுத் தரகர் என் உம்மாவிடம் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது.

சிங்கப்பூரில் எங்கள் கிளமெண்டி வீட்டை விற்றுவிட்டு ஜூரோங்கில் வேறு வீடு வாங்குவது என்று எங்கள் வீட்டில் முடிவானது. இரண்டு வீட்டுக்கும் போன பணத்தில் பாதி உம்மாவின் சேமநிதி. தரகருக்கு அது தெரியும். கணக்குப் போட்டவரே அவர்தான். ஆனாலும் விலை, கடன், கையெழுத்து நாள் எல்லாவற்றையும் வாப்பாவிடமே பேசினார். "அங்கிள், நீங்க ஓகேன்னா ஓகே லா" என்றார். கடைசியில் உம்மா பக்கம் திரும்பினார்.

"ஆன்ட்டி, கிச்சன் புடிச்சிருக்கா?"

இதை அப்படியே எழுதியிருக்கலாம். எழுதினால், "இப்பல்லாம் யாரு அப்படி இருக்கா?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகவே கதையை 1908க்குக் கொண்டுபோகிறேன். இனி நீங்கள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லிக்கொள்ளலாம். எத்தனை பக்கம் வரை அதைச் சொல்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

கல்நெஞ்சக்காரரான முகைதீன், மனைவியின் வீட்டை விழுங்கத் திட்டமிட்டு—

[வேண்டாம். கல்நெஞ்சக்காரர் என்றால் எல்லாருக்கும் நிம்மதி. "எங்க வீட்டு ஆள் அப்படியில்லை" என்று புரட்டிவிட்டுப் போய்விடலாம்.]

இரண்டாம் தொடக்கம்:

சிராங்கூன் ரோட்டில் மாலை மங்கிக்கொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகைகளிலிருந்து—

[மாலை மங்காத கதை ஒன்று எழுத ஆசை.]

மூன்றாம் தொடக்கம்:

சம்சுன்னிசா கிடாரத்தை ஓர் உதை விட்டாள். அது அசையவில்லை.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

சம்சுன்னிசா கிடாரத்தை ஓர் உதை விட்டாள். அது அசையவில்லை. ஓர் ஆடு முழுசாக வேகும் செம்புக் கிடாரம் அது. மாட்டுவண்டி வைத்துத்தான் வந்தது, போவதும் வண்டியில்தான் போகும்.

"அதை ஏன் உதைக்கிறே? அது உனக்கு என்ன செஞ்சிச்சு?" என்றாள் ருக்கையா லாத்தா. அடுத்த வீட்டுக்காரி, காயல்பட்டினத்து உறவில் அக்கா முறை. உதவிக்கு என்று வந்து, வந்த நேரத்திலிருந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"என் கல்யாணத்துக்கு ஆக்குனது லாத்தா. பொறவு ஒருதடவைகூட அடுப்புல ஏறல. புது வீட்டு அடுப்பாங்கரையில இதை வச்சா நான் வெளியதான் நிக்கணும்."

"மாப்பிள்ளையை வெளிய நிறுத்து. வீடு பொம்பளைது. ஆம்பளை விருந்தாளிதானே!"

இருவரும் சிரித்தார்கள். காயல்பட்டினத்தில் அது சிரிப்பதற்கான பேச்சல்ல, நடைமுறை. அங்கே கல்யாணமானால் பெண் வீடு மாறுவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். மகளுக்கென்று ஒரு வீடு தேறாமல் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். சம்சுவின் உம்மா கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தும் அந்த வழக்கத்தை விடவில்லை. வளையலை விற்று, சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் இந்த வீட்டை வாங்கினாள். பத்திரத்தில் மகள் பேரைப் போடச் சொன்னாள். பிறகுதான் மாப்பிள்ளை தேடினாள்.

கிடைத்த மாப்பிள்ளை முகைதீன், தென்காசிப் பக்கத்துக்காரர். கம்போங் கிளாமில் துணிக்கடை. அவர் ஊரில் பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போவாள்.

[இந்த ஒரு வித்தியாசத்தை அவர்கள் இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள். நான் ஒளித்துவைக்கவில்லை.]

மின்சார டிராம் வந்தபின் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு விலை ஏறியிருந்தது. மழை வந்தால் மாட்டுக் கொட்டகைச் சாணம் வாசல்வரை மிதந்து வரும் சந்துக்கே ஆள் தேடி வந்து விலை கேட்டார்கள். "இப்ப வித்தாத்தான் உண்டு" என்றார் முகைதீன். அவர் கடைக்குப் பக்கத்திலேயே மேட்டு நிலத்தில் ஒரு கல்வீடு விலைக்கு இருந்தது. சம்சுவும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்து வந்தாள். அவளுக்கும் பிடித்திருந்தது. பழைய வீட்டை விற்று வரும் பணத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது. செட்டியாரிடம் வாங்கலாம், ஆனால் வட்டி. வட்டி ஹராம் என்பதில் தென்காசிக்கும் காயல்பட்டினத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"சாமானை வித்துருவோம் மச்சான்" என்று புருஷனிடம் சொன்னவள் சம்சுதான்.

4

*ஒரு குறுக்கீடு. வீட்டைக் காலிசெய்வதைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். பொருளைக் கையில் எடு, மகிழ்ச்சி தருகிறதா பார், தராவிட்டால் வழியனுப்பு என்கிறார்கள். சம்சுவுக்கு அந்தச் சொகுசு இல்லை. அவள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்றுதான் பார்த்தாள்.*

அந்தக் கிடாரம். மூன்று பேர் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டுகள். படிக்கம். பன்னீர்ச் செம்பு. பெரிய தேக்குக் கட்டில். எல்லாம் அவளுடைய சீர். லேலோங் போடுகிறவன் வந்து கூடத்தில் நின்று கூவினான். சந்தே திரண்டு வந்து ஏலம் கேட்டது. கதவுக்குப் பின்னால் நின்று சம்சு விலையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படிக்கத்தை முகம்மது காக்கா எடுத்திருக்காரு" என்று ருக்கையா வந்து சொன்னாள். "அவரு துப்புறது இனி உன் சீர்லதான்."

"துப்பட்டும். காசைக் குடுத்தாரா?"

"குடுத்துட்டாரு."

"பொறவு என்ன?"

சாமான் விற்ற பணம் முழுவதும் அப்படியே புது வீட்டுக்கு முன்பணமாகப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவர் முகைதீன். சம்சு எதையும் கேட்கவில்லை. வீடு யார் பேரில் என்று கேட்கவில்லை. கடல் உப்பா என்று யாராவது கேட்பார்களா? வீடு என்றால் பெண்ணுடையது.

முகைதீனும் எதையும் சொல்லவில்லை. வீடு என்றால் ஆணுடையது. அவருக்கும் அது கடல் உப்பு என்பதைப் போலத்தான்.

[இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டேன். முகைதீன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவரா? மனைவியை அடிப்பதில்லை. குடிப்பதில்லை. லேலோங் முடிந்த அன்று அவளுக்குக் கறி வைத்த முர்தபா ரொட்டி வாங்கி வந்தார். அந்த முர்தபாவை நீக்கிவிட்டால் கதை எனக்குச் சாதகமாக இருக்கும். நீக்கவில்லை. அது அவருடைய பணத்தில் வாங்கியது.]

5

பத்திரம் எழுதும் நாள். லாயர் வரவில்லை, அவருடைய குமாஸ்தா, கிராணி இப்ராஹீம் வந்தார். கோஷாப் பெண் ஆபீசுக்கு வர வேண்டாம், கிராணி வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வார் என்று ஏற்பாடு. மரியாதைக்குச் செய்த ஏற்பாடுதான்.

கூடத்தில் உட்கார ஒன்றும் மிச்சமில்லை. கிராணி ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். முகைதீன் நின்றார். சம்சுவும் ருக்கையாவும் உள்ளறைக் கதவின் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். காலி வீட்டில் இருமினாலும் எதிரொலித்தது.

"ரெண்டு பத்திரம் முதலாளி" என்றார் கிராணி. "இது விக்கிறது. அம்மா கையெழுத்து வேணும். இது வாங்குறது. ஒங்க கையெழுத்து. ரெண்டும் இன்னிக்கே ஆபீசுக்குப் போவணும். தவறுனா அந்த வீட்டுக்காரரு முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டாரு."

"சரி. வாசியும், பேரெல்லாம் சரியான்னு பார்க்கேன்."

கிராணி இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். முதல் பத்திரத்தில் சம்சுன்னிசா என்ற பெயர் வந்தது. அவளுடைய வாப்பா பெயர் வந்தது. இரண்டாவதில் சேக் முகைதீன் வந்தது. அவருடைய வாப்பா பெயர் வந்தது. தொழில் வந்தது. தெரு வந்தது. முடிந்துவிட்டது. கிராணி முதல் பத்திரத்தையும் பேனாவையும் கதவிடுக்கு வழியே உள்ளே நீட்டினார்.

சம்சு காத்திருந்தாள்.

"என் பேரை விட்டுட்டாரு" என்றாள் ருக்கையாவிடம், மெதுவாக. பிறகு கதவைப் பார்த்து, "கிராணி, ரெண்டாவது பத்திரத்துல என் பேரை விட்டுட்டீங்க" என்றாள்.

கிராணி முகைதீனைப் பார்த்தார். "அம்மா என்ன கேக்குறாங்க?"

"பேரு விடல" என்றார் முகைதீன் கதவை நோக்கி. "வாங்குறது நான்தானே சம்சு."

"எதை வச்சு வாங்குறீங்க மச்சான்?"

வீடு அந்தக் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

"எல்லாம் ஒண்ணுதானே" என்றார் கிராணி, சமாதானமாக. "புருஷன் பொஞ்சாதிக்குள்ள என்னம்மா உன்னுது என்னுது?"

"ஒண்ணுன்னா என் பேரையே எழுதுங்களேன்" என்றாள் சம்சு.

ருக்கையா வெற்றிலையை விழுங்கிவிட்டாள்.

6

அறிவியலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் மாற்று. மற்றதையெல்லாம் இருந்தபடியே வை. செய்து பார்த்தேன்.

முகைதீனின் வாப்பா வளையலுக்குப் பதில் வயலை விற்று அந்தச் சந்து வீட்டை வாங்கி, மகன் பெயரில் எழுதுகிறார். மகன் அதை விற்கிறார். பற்றாக்குறைக்குத் தன் கடைச் சாமானை லேலோங் போடுகிறார். அந்தப் பணத்தில் வேறு வீடு வாங்குகிறார். கிராணி வருகிறார். இரண்டு பத்திரத்திலும் முகைதீன் பெயர். கையெழுத்துப் போடுகிறார்.

கதை அங்கேயே முடிந்துபோனது. அரைப் பக்கம்கூட வரவில்லை. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. "எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்ல யாருக்கும் தேவை ஏற்படவில்லை. மனைவி பெயரில் எழுதலாமே என்று எந்தக் கிராணியும் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்றைத்தான் மாற்றினேன். கதையே காணாமல் போய்விட்டது. அப்படியானால் சம்சுவின் கதை எதனால் ஆனது என்று நீங்களே சொல்லுங்கள். இன்னும் "அந்தக் காலம்" என்றுதான் சொல்வீர்களா?

7

"சம்சு, பிடிவாதம் பண்ணாத" என்றார் முகைதீன். அவர் குரலில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. "பொண்டாட்டி வீட்டுல கெடக்கான்னு எங்க ஊர்ல என்னைச் சொல்லுத பேச்சு ஒனக்குத் தெரியாது. இத்தனை வருசமா கேட்டுட்டு இருக்கேன். ஒரு வீடாவது என் பேருல இருக்கட்டும்."

"இருக்கட்டும் மச்சான். நீங்க சம்பாதிச்சு வாங்குங்க. நான் வந்து ஒங்களுக்கு அங்க ஆக்கிப்போடுறேன்."

"கிராணி முன்னால இப்படியா பேசுவ?"

"கிராணி முன்னாலதானே நீங்க என் வீட்டை வாங்குனீங்க."

கதவு கொஞ்சம் திறந்தது. ருக்கையாவின் கை முதல் பத்திரத்தையும் பேனாவையும் வெளியே நீட்டியது. பத்திரத்தில் கையெழுத்து இல்லை.

"ரெண்டாவதுல பேரை மாத்தி எழுதிட்டு ரெண்டையும் ஒண்ணா அனுப்பச் சொல்லு லாத்தா" என்றாள் உள்ளே இருந்த குரல். "நான் இங்கதான் இருக்கேன். இது இன்னும் என் வீடு."

கிராணி பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு அதை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் பெட்டிமேல் வைத்தார்.

"முதலாளி," என்றார், "என்ன எழுதட்டும்?"

8

முடிவு ஒன்று: முகைதீன் கண் கலங்குகிறார். மனைவி பெயரையே எழுதச் சொல்கிறார். சந்து முழுவதும் புகழ்கிறது. [யாரை? அவரை. கிடாரத்தை விற்றவளை அல்ல. அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: சம்சு கையெழுத்துப் போடவில்லை. முன்பணம் போய்விட்டது. சாணம் மிதந்து வரும் சந்தில், கட்டில் இல்லாத வீட்டில், அவள் வென்று—

[சரியாகக் கேட்டதற்கு இவ்வளவு அபராதமா? அதையும் அவளே கட்ட வேண்டுமா? அடித்துவிட்டேன்.]

முடிவு மூன்று: இருவர் பெயரையும் எழுதி, பாதிப் பாதி—

[பாருங்கள், உங்கள் முகத்தில் எவ்வளவு நிம்மதி! முழுசாக அவளுடையதில் பாதியை அவளுக்கே விட்டுவைத்தால் அதற்குப் பெயர் நியாயமாம்.]

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. கூடத்தில் அவர்கள் இருவரும் அப்படியே இருக்கிறார்கள், கதவுக்குப் பின்னால் சம்சுவும் ருக்கையாவும் இருக்கிறார்கள். பேச வேண்டியது முகைதீன். அவருக்கு ஒரு வசனம் எழுதிக்கொடுத்து அவரைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை. நீங்கள் எழுதுங்கள். அவருக்கு நல்ல மனசை வையுங்கள், கெட்ட மனசை வையுங்கள், உங்கள் இஷ்டம்.

ஒரே ஒரு நிபந்தனை. நல்ல மனசை வைத்தால், "முகைதீன் தன் மனைவிக்கு வீட்டைக் கொடுத்தார்" என்று மட்டும் எழுதாதீர்கள். அவரிடம் கொடுக்க ஒரு வீடு எங்கே இருந்தது?