மிடில் ஒரு நூல் குறைவு

குழுவில் கிதார் வாசிப்பவருக்குப் ‘பொன்காது’ என்று பட்டப்பெயர். சூட்டியவர் வேறு யாருமில்லை, அவரேதான். ஒலிப்பதிவு அறையில் காலையிலிருந்து ஆம்ப்ளிஃபயர் முன்னால் மண்டியிட்டு, ஒலியின் மேல், நடு, அடிப் பகுதிகளை ஏற்றி இறக்கும் ட்ரெபிள், மிடில், பேஸ் என்ற மூன்று குமிழ்களையும் கைக்குழந்தையின் மூக்கைத் தொடுவதுபோல் திருகிக்கொண்டிருந்தார்.

“மிடிலை ஒரு நூல் குறைச்சேன். மரவாசனை வருது பாருங்க.”

“அப்படியே சந்தனக்கட்டைண்ணே,” என்றார் டிரம்ஸ்காரர். கீபோர்டுக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். ரசிக்கிறாரா தூங்குகிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

பாடகி மட்டும் சுவரில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்காதின் மச்சினி அவள். பாட்டும் அவள் கட்டியதுதான்.

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல மாமா. என் குரல் உங்க கிதாருக்குள்ள போய் மாட்டிக்குது, அவ்வளவுதான். டீ குடிச்சிட்டு வர்றோம். அப்பவும் இப்படியே இருந்தா உங்க பகுதியைக் கீபோர்டுல வாசிச்சுடலாம். அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

பாட்டு கைவிட்டுப் போவது ஒரு பக்கம். அது வீட்டுக்குத் தெரியப்போவது மறுபக்கம்.

எல்லோரும் போனதும், பிடிமானத்துக்கு எதையாவது பார்ப்போமென்று கிதாரிலிருந்து போகும் கேபிளைப் பார்த்தார். அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஒலி போக இரண்டு தனி வழிகள், இரண்டு சேனல்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குமிழ்கள். கேபிள் இடப்பக்கத்தில் செருகியிருந்தது. அவர் காலையெல்லாம் திருகியது வலப்பக்கத்துக் குமிழ்களை.

மரவாசனை, சந்தனக்கட்டை எல்லாமே கேபிள் போகாத குமிழிலிருந்து வந்தவை.

முதலில் கதவைப் பார்த்தார். பிறகு கேபிளை வலப்பக்கத்துக்கு மாற்றி, தாம் அரும்பாடுபட்டுச் செதுக்கிய ஒலியை முதன்முறையாகக் கேட்டார். தகர டப்பாவுக்குள் அகப்பட்ட குளவி.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. கதையளப்பதற்குப் பொன்காதிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

“நீ பாடும்மா,” என்றார் மச்சினியிடம். “குமிழை எங்க நிறுத்தணும்னு நீயே சொல்லு.”

அவள் டிரம்ஸ்காரரைப் பார்த்தாள். மாமா யாரிடமும் யோசனை கேட்கும் ஆள் இல்லையே.

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே மாமா?”

“பாடு.”

பாடினாள். அவர் கம்பிகளை ஒருமுறை மீட்டி, அந்த ஒலி ஓய்வதற்குள் மிடிலை மெல்ல ஏற்றினார். குளவி அடங்கியது. மறுபடி மீட்டல், மறுபடி குமிழ். கிதாருக்குச் சதை பிடித்தது. இன்னும் கொஞ்சம் ஏற்ற, அவள் குரல் மங்கியது.

“கொஞ்சம் பின்னாடி,” என்றாள் பாட்டின் இடுக்கில்.

ஒரு நூல் குறைத்தார்.

குரல் எழுந்து நின்றது. இத்தனை நேரமும் அது அங்கேயே இருந்து, யாரோ விலகி வழிவிட்டதுபோல் நின்றது. அதன் கீழே கிதார், குரலைத் தொடாமல், ஆனால் தாங்கிக்கொண்டு. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளிகூடக் காதில் விழுந்தது. பொன்காதுக்குப் பிடரி சிலிர்த்தது. இத்தனை வருஷம் வாசித்திருக்கிறார்; இப்படிக் கேட்டதில்லை. மூச்சு விட்டால் நகர்ந்துவிடுமோ என்று குமிழிலிருந்து கையை எடுக்கவே பயந்தார்.

பாட்டு முடிந்தது. டிரம்ஸ்காரர் வாயைத் திறந்தார். எந்தக் கட்டையும் அகப்படாமல் மூடிக்கொண்டார்.

“என்ன மாமா பண்ணீங்க?” மச்சினியின் குரல் இறங்கியிருந்தது.

“கேபிள் தப்பா செருகியிருந்தேன். காலையிலேர்ந்து.”

யாரும் சிரிக்கவில்லை. கீபோர்டுக்காரர் எழுந்து, “உங்க பகுதியை நீங்களே வாசிங்கண்ணே,” என்று தம் கீபோர்டின் சுவிட்சை அணைத்தார்.

“இன்னொரு வாட்டி மீட்டுங்க மாமா,” என்றாள் அவள். “சும்மா கேக்கணும்.”