குப்பைக்குப் போன கறுப்பு மூடி

ஜூன் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. என் முறையீடு இதுதான்: தேர்வு அலுவலகத்தின் மேலாளர், தமக்குத் தெரியாத ஒரு பொருளைத் துணியால் துடைத்தார், அதனால் ஒரு பெண்ணின் படிப்பு அந்தரத்தில் தொங்கியது.

அவள் என் தம்பி மகள். அவளுக்காக நான் அந்த அலுவலகத்தில் காத்திருந்தேன். அன்று மாலை நான்கு மணிக்குள் அவளுடைய மதிப்பெண் பட்டியல் செவிலியர் கல்லூரிக்குப் போய்ச் சேராவிட்டால், இடம் வேறொருவருக்கு. பட்டியலோ அலுவலகத்தின் பழுதடைந்த சர்வருக்குள் இருந்தது. அதன் மூளை போன்ற சில்லுகளான பிராசசர்கள் இரண்டையும் மெமரிப் பட்டைகளையும் மாற்ற வந்த மெக்கானிக் அம்மாள், முந்தின நாளே ஒரு பிராசசரைப் பொருத்தி, ஒவ்வொரு பிராசசரின் பக்கத்துக்கும் நான்காக எட்டுப் பட்டைகளையும் செருகியிருந்தார். இரண்டாவது பிராசசர் வந்து சேராததால், அது உட்கார வேண்டிய இருக்கையைக் கறுப்பு மூடியால் மூடிவிட்டுப் போயிருந்தார்.

செவ்வாய் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிராசசர் வந்தது. மூடியைத்தான் காணோம்.

"சார், இங்க இருந்த மூடி எங்க?"

"அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கா? குப்பைன்னு போட்டுட்டேன். உள்ளயும் நல்லா துடைச்சு வச்சிருக்கேன்," என்றார் மேலாளர், பாராட்டை எதிர்பார்த்து.

பொடி எழுத்துப் படிக்க நான் எப்போதும் சட்டைப்பையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பேன். அம்மாள் என்னிடம் கை நீட்டினார். "ஐயா, உங்க பூதக்கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க."

இருக்கை முழுவதும் மயிரிழை போன்ற ஊசிகள். ஒரு மூலையில் நான்கு ஊசிகள் துணியில் சிக்கிச் சாய்ந்து கிடந்தன.

"இதுல வச்சா புதுசும் போயிரும்."

"அப்ப நாளைக்குப் பாத்துக்கலாமே."

"நாளைக்கு உங்களுக்கு வரும் சார். இவங்க வீட்டுப் பொண்ணுக்கு வராது."

பிராசசர் இல்லாத பக்கத்தில் செருகிய மெமரி செத்ததற்குச் சமம் என்றும், மிஞ்சிய பாதியில் மதிப்பெண் நிரல் திறக்காது என்றும் எனக்கு விளக்கினார். பிறகு அந்த நான்கு பட்டைகளையும் கழற்றி, முதல் பக்கத்தில் காலியாக இருந்த இடங்களில் செருகத் தொடங்கினார்.

"ரெண்டு வாங்கிட்டு ஒண்ணுலயா ஓட்டுறது?" என்றார் மேலாளர்.

"ஒத்தக் கால்ல ஓட வேணாம் சார். நாலு மணி வரைக்கும் நின்னா போதும்."

இயந்திரத்தை முடுக்கினார். திரை ஏழு பட்டைகளைத்தான் காட்டியது. அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கடைசிப் பட்டையின் ஒரு கவ்வி சரியாகப் பற்றவில்லை. கட்டைவிரல் வெளுக்க அழுத்தினார், 'டக்' என்றது. மறுபடி முடுக்கினார். எட்டு.

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் கல்லூரிக்குச் சென்றது.

மூன்று ஐம்பத்தைந்துக்கு மேலாளர் பதிவேட்டைத் திறந்து, 'தாமதத்துக்குக் காரணம்: மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். நான் அவ்வரியை அடித்து, 'மேலாளர் துடைத்ததால்' என்று திருத்தி, அதன்கீழ்க் கையெழுத்திட்டேன். அம்மாள் குப்பைத்தொட்டியைக் கிளறி மூடியை எடுத்து, இருக்கையின்மேல் பொருத்தினார்.

இதை வாசிக்கும் தாங்களும் ஓர் அலுவலகத்தில் இருக்கக்கூடும். அங்கே திறந்து கிடக்கும் இயந்திரம் எதுவாயினும், கையிலுள்ள துணியை முதலில் கீழே வையுங்கள்; அதைத் திறந்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.